கடைக்குப் போகும் உரிமை

2025 ஆகஸ்ட் 28, வியாழக்கிழமை மாலை. பருவத்தின் முதல் ஆட்டத்துக்குச் சரியாக ஒரு வாரம் இருந்தது. வேலை முடிந்து டாலஸை ஒட்டிய பிளேனோவில் உள்ள வீட்டுக்குள் நுழைந்தபோது, என் மகன் 11ஆம் எண் ஜெர்சியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தான். "அப்பா, மைக்காவைக் கொடுத்துட்டாங்க" என்றான். நான்கே ஆண்டுகளில் எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளை, அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்களை, ஐம்பது முறைக்கு மேல் தரையில் சாய்த்த மைக்கா பார்சன்ஸ் இனி எங்கள் ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான டாலஸ் கவ்பாய்ஸில் இல்லை. கிரீன் பே பேக்கர்ஸ் அணி, அணிகள் ஆண்டுதோறும் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் தனக்குரிய இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் கென்னி கிளார்க் என்ற தற்காப்பு ஆட்டக்காரரையும் கொடுத்து அவரைப் பெற்றுக்கொண்டு, கையோடு 4 ஆண்டுகளுக்கு 18.8 கோடி டாலர் ஒப்பந்தமும் போட்டுவிட்டது.

அந்த மார்ச் மாதத்தில் அணியின் உரிமையாளர் ஜெரி ஜோன்ஸும் பார்சன்ஸும் ஜோன்ஸின் அறையில் உட்கார்ந்து பேசியிருந்தார்கள். அந்தப் பேச்சிலேயே ஒப்பந்தம் படிந்துவிட்டது என்பது ஜோன்ஸின் கட்சி. தன் முகவர் இல்லாமல் நடந்த பேச்சைத் தான் ஒப்பந்தப் பேச்சாகவே எண்ணவில்லை என்பது பார்சன்ஸின் கட்சி. கோடை முழுவதும் இழுபறியாக இருந்த அந்த விவகாரம், கடைசியில் ஒரு தலைமைப் பயிற்சியாளரின் தலையில் விடிந்தது. அவர் பிரையன் ஷாட்டன்ஹைமர். ஐம்பது வயதைத் தாண்டி, வாழ்க்கையில் முதல் முறையாகத் தலைமைப் பயிற்சியாளராகி ஏழு மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவருடைய அணியின் மிகச் சிறந்த தற்காப்பு வீரர் முதல் ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு போய்விட்டார். ஜோன்ஸ் அந்த அணியின் உரிமையாளர் மட்டுமல்ல, அதன் தலைவரும் பொது மேலாளரும்கூட. மேல்முறையீட்டுக்குப் போக மேலே ஆளே இல்லை.

அன்று இரவு எனக்குப் பிரையனின் தந்தை நினைவுக்கு வந்தார். மார்ட்டி ஷாட்டன்ஹைமர் 2021 பிப்ரவரியில் மறைந்தார். 200 வெற்றிகள் பெற்றும், என்.எஃப்.எல். லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை ஒரு முறைகூட எட்டாத பயிற்சியாளர் என்றே அவரைப் பற்றிய ஒவ்வொரு கட்டுரையும் தொடங்குகிறது. அவர் உரிமையாளர்களிடம் பட்ட பாட்டைச் சொல்லித் தொடங்கினால்தான் சரியாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன். டாலஸ் பகுதியில் குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த ஆட்டத்தைப் பார்த்து வருகிறேன். ஆட்டக்காரர்களின் காயங்களைவிடவும் நடுவர்களின் தவறுகளைவிடவும் என்னை அதிகம் வருத்தியவை, பயிற்சியாளர் செய்ய வேண்டிய வேலையில் உரிமையாளர் கை வைத்த கதைகள்தான்.

இந்தப் பிரச்சினையைப் பில் பார்செல்ஸ் அளவுக்குச் சுருக்கமாகச் சொன்னவர் யாரும் இல்லை. அவர் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியை 1997 ஜனவரியில் சூப்பர் பௌல் வரை கொண்டுபோய்விட்டு, அடுத்த சில நாட்களிலேயே வெளியேறினார். முந்தைய ஆண்டு டிராஃப்டில் அவர் கேட்டது ஒரு தற்காப்பு வீரரை. உரிமையாளர் ராபர்ட் கிராஃப்ட்டும் நிர்வாகமும் எடுத்தது டெரி கிளென் என்ற பந்து பிடிக்கும் வீரரை. வெளியேறும்போது பார்செல்ஸ் சொன்னதன் சாரம் இதுதான்: என்னைச் சமைக்கச் சொன்னால், மளிகைச் சாமான் வாங்கக் கடைக்குப் போகவாவது என்னை விட வேண்டும். டெரி கிளென் முதல் ஆண்டிலேயே 90 பந்துகளைப் பிடித்துக் காட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். சாமான் நல்ல சாமான்தான். அதை யார் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் வழக்கு.

மார்ட்டிக்கு அந்த வழக்கு முதலில் வந்தது கிளீவ்லாந்தில். 1984இன் நடுவில் பிரௌன்ஸ் அணியின் பொறுப்பை ஏற்ற அவர், 1986, 1987 ஆகிய இரண்டு பருவங்களிலும் சூப்பர் பௌலுக்கு ஒரு படி கீழே வரை அணியைக் கொண்டுசென்றார். இரண்டு முறையும் டென்வரிடம் தோற்றார். 1988இல் தாக்குதல் ஆட்டத்துக்கென்று தனி ஒருங்கிணைப்பாளரை வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு முறையும் பந்தை எப்படி ஆடுவது என்ற ஆட்டத் திட்டங்களைத் தாமே அறிவித்தார். பருவம் முடிந்ததும் உரிமையாளர் ஆர்ட் மோடெல் தனி ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமித்தே தீர வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்ல, மார்ட்டி மறுக்க, இருவரும் பிரிந்தார்கள். அந்த ஆண்டும் 10 ஆட்டங்களில் வென்ற அணி அது.

மோடெல் அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே பெரிய மரம் ஒன்றை வெட்டியவர். நியூயார்க்கின் விளம்பரத் துறையிலிருந்து வந்து 1961இல் சுமார் 40 லட்சம் டாலருக்கு பிரௌன்ஸ் அணியை வாங்கியபோது, அணியின் பயிற்சியாளராகவும் மேலாளராகவும் இருந்தவர் பால் பிரௌன். அணியின் பெயரே அவருடைய பெயர்தான். ஆட்டக்காரர்களை வகுப்பறையில் உட்கார வைத்துப் பாடக் குறிப்பேடு எழுத வைத்ததும், ஆட்டப் படச்சுருள்களை முறையாக ஆராய்ந்ததும், தலைக்கவசத்துக்குள் வானொலி வைத்துப் பார்த்ததும் அவர்தான். மோடெலுக்கு முன் இருந்த உரிமையாளர்கள் பால் பிரௌனின் அறைக்குள் எட்டிப் பார்த்ததில்லை. மோடெல் ஆட்டக்காரர்களோடு நேரடியாகப் பழகினார். அணியின் பெரிய நட்சத்திரமான ஜிம் பிரௌன் பயிற்சியாளரைப் பற்றிய மனக்குறைகளைச் சொல்ல மோடெலின் கதவு எப்போதும் திறந்திருந்தது. 1963 ஜனவரியில், நகரத்தின் நாளிதழ்கள் வேலைநிறுத்தத்தால் முடங்கிக் கிடந்த வாரங்களில், பால் பிரௌன் நீக்கப்பட்டார். அடுத்து வந்த பிளாண்டன் காலியர் 1964இல் சாம்பியன் பட்டத்தை வென்று கொடுத்தார் என்பதால், மோடெல் செய்தது சரி என்று வாதாடுகிறவர்கள் இன்றும் உண்டு. அந்த அணி அதற்குப் பிறகு ஒரு பட்டமும் வென்றதில்லை. பால் பிரௌன் 1968இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் என்ற புதிய அணியைத் தொடங்கியபோது, பயிற்சி, நிர்வாகம், உரிமை மூன்றின் பிடியையும் தம் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். இனி எந்த அந்நியனும் தம்மை நீக்க முடியாதபடி அமைத்துக்கொண்ட ஏற்பாடு அது என்றே நான் அதைப் படிக்கிறேன். இன்றும் அந்த அணி அவர் குடும்பத்திடம்தான் இருக்கிறது.

கிளீவ்லாந்தை விட்ட மார்ட்டி கான்சாஸ் சிட்டியில் பத்துப் பருவங்கள் நிம்மதியாக இருந்தார். அங்கே லாமர் ஹன்ட் என்ற உரிமையாளரும் கார்ல் பீட்டர்சன் என்ற பொது மேலாளரும் இருந்தார்கள். எல்லை எங்கே இருக்கிறது என்பது மூவருக்கும் தெரிந்திருந்தது. பத்தில் ஏழு முறை அந்த அணி, பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் பிளே ஆஃப் ஆட்டங்களுக்குப் போனது. நிம்மதியில் சொல்வதற்குக் கதை இருப்பதில்லை. கதை 2001இல் வாஷிங்டனில் மறுபடி தொடங்குகிறது.

டேனியல் ஸ்னைடர் 1999இல் வாஷிங்டன் அணியை 80 கோடி டாலருக்கு வாங்கினார். அப்போது அவருக்கு 34 வயது. சிறுவயதிலிருந்தே அந்த அணியின் ரசிகர் அவர். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் பின்னால் நடந்தவற்றில் ஒரு பகுதி அதிலிருந்துதான் புரிகிறது. ரசிகன் கனவு காண்பது பெயர்களை. 2000ஆம் ஆண்டில் டியான் சாண்டர்ஸ், புரூஸ் ஸ்மித், ஜெஃப் ஜார்ஜ் என்று வயதும் புகழும் முற்றிய பெயர்களை ஸ்னைடர் வாரிக்கொண்டு வந்தார். பயிற்சி முகாமைப் பார்க்க வந்த ரசிகர்களிடம் 10 டாலர் கட்டணமும் வாங்கினார். அந்த டிசம்பரில், 7 வெற்றியும் 6 தோல்வியுமாக அணி இன்னும் பிளே ஆஃப் போட்டியில் இருக்கும்போதே, பயிற்சியாளர் நார்வ் டர்னரை நீக்கினார்.

மார்ட்டி வந்தது இந்த வீட்டுக்குத்தான். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் கடைசி வார்த்தை தம்முடையதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு வந்தார். 27 வயது மகன் பிரையனைக் குவார்ட்டர்பேக் பயிற்சியாளராகத் தம்மோடு அழைத்து வந்தார். கடுமையான பயிற்சி முகாம், பழைய நட்சத்திரங்களின் முணுமுணுப்பு, பிறகு தொடர்ந்து 5 தோல்விகள். ஊரே சிரித்தது. அடுத்த 5 ஆட்டங்களையும் அதே அணி தொடர்ந்து வென்றது. பருவத்தை 8 வெற்றி, 8 தோல்வி என்று முடித்தது. அஸ்திவாரம் போட்டாகிவிட்டது, அடுத்த ஆண்டு சுவர் எழும் என்று பார்த்தவர்கள் நம்பினார்கள். ஆனால் அந்த ஓராண்டும் முடிவுகளிலிருந்து ஒதுங்கியே இருந்த ஸ்னைடரால் இரண்டாம் ஆண்டும் அப்படி இருக்க முடியவில்லை. ஆட்டக்காரர் தேர்வுக்குத் தனியாக ஒரு மேலாளரை நியமிக்க வேண்டும், மார்ட்டி தம் அதிகாரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார். மார்ட்டி ஒப்பந்தத்தைக் காட்டினார். 2002 ஜனவரியில் அவர் நீக்கப்பட்டார். அவர் இடத்துக்கு ஸ்டீவ் ஸ்பரியர் என்ற கல்லூரிப் பயிற்சியாளர் 5 ஆண்டுகளுக்கு 2.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் வந்தார். முதல் ஆண்டு 7 வெற்றி, இரண்டாம் ஆண்டு 5 வெற்றி, அத்தோடு அவரே விலகிப் போய்விட்டார்.

ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய அதிகாரம் எவ்வளவு நாள் தாங்கும் என்பதைப் பிரையன் 27 வயதில், தந்தையின் அறைக்கு அடுத்த அறையிலிருந்து பார்த்தார். பார்சன்ஸ் விவகாரத்தில் அவர் ஒரு நாளும் குரல் உயர்த்தவில்லை என்று இங்கே பலரும் குறை சொன்னார்கள். என்னால் அதில் சேர முடியவில்லை. எழுதி வாங்கிய தந்தைக்கே அதுதான் கிடைத்தது என்றால், எதையும் எழுதி வாங்காத மகன் எதைக் காட்டிப் பேசுவார்?

வாஷிங்டனில் பிறகு நடந்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2009இல் அங்கே பயிற்சியாளராக இருந்தவர் ஜிம் சோர்ன். ஆட்டத் திட்டத்தை அறிவிப்பதுதான் அவருடைய தொழில். அவரை வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான். அக்டோபரில் நிர்வாகம் ஷெர்ம் லூயிஸ் என்ற ஓய்வுபெற்ற பயிற்சியாளரை அழைத்து வந்தது. அவர் ஆட்டத்தை விட்டு ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. மிச்சிகனில் முதியோர் மையம் ஒன்றில் பிங்கோ விளையாட்டுக்கு எண்களை உரக்கப் படிப்பதும், முதியவர்களுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுப்பதுமாக அமைதியாக வாழ்ந்துகொண்டிருந்தவர். வந்து இரண்டு வாரத்துக்குள் சோர்னிடமிருந்து ஆட்டத் திட்டம் அறிவிக்கும் பொறுப்பைப் பிடுங்கி அவரிடம் கொடுத்தார்கள். மைதானத்தின் ஓரத்தில் சோர்ன் கையில் அட்டையோடு, தம் அணி அடுத்து என்ன ஆடப்போகிறது என்பதை மற்றவர்களைப் போலவே காதில் கேட்டுத் தெரிந்துகொண்டு நின்ற காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். பதவியில் வைத்துக்கொண்டே ஒரு மனிதரின் தொழிலை அவரிடமிருந்து எடுத்துவிடலாம் என்பதை அன்றுதான் பார்த்தேன். நீக்கியிருந்தால் அது மரியாதையாக இருந்திருக்கும்.

இப்படியெல்லாம் நடத்தியும் ஓர் உரிமையாளருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால், ஒன்றும் இல்லை. இந்த லீகில் கடைசி இடத்துக்குப் போனால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படும் வழக்கம் கிடையாது. தேசியத் தொலைக்காட்சிப் பணம் 32 அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. மோசமாகத் தோற்ற அணிக்கு டிராஃப்டில் முதல் இடம் பரிசாகக் கிடைக்கிறது. ஸ்னைடரின் 24 ஆண்டுகளில் வாஷிங்டன் வென்ற பிளே ஆஃப் ஆட்டங்கள் இரண்டே இரண்டு. 2023இல் அவர் அந்த அணியை 605 கோடி டாலருக்கு விற்றார். அதே 24 ஆண்டுகளில் அங்கே வேலை இழந்த பயிற்சியாளர்களையும் உதவிப் பயிற்சியாளர்களையும், பள்ளியை நடுவில் மாற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன அவர்களுடைய பிள்ளைகளையும் யாரும் கணக்கெடுத்து வைக்கவில்லை.

ஆட்டம் தெரியாதவர்கள் தலையிடுவதுதான் சிக்கல், தெரிந்தவர் தலையிட்டால் பரவாயில்லை என்று நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். தெரியாதவர்களின் கதைகள் அதற்குப் பொருந்தவும் செய்கின்றன. பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் ராபர்ட் இர்சே 1974இல் ஓர் ஆட்டத்தின்போது மைதான ஓரத்துக்கே இறங்கி வந்து, குவார்ட்டர்பேக்கை மாற்றச் சொன்னார். பயிற்சியாளர் ஹோவர்ட் ஷ்னெலன்பெர்கர் இணங்கவில்லை. ஆட்டம் முடிந்த கையோடு அவர் வேலை போனது. அவருடைய மகன் ஜிம் இர்சே தந்தையைப் போலப் பொல்லாதவர் அல்லர். ஆனாலும் 2022 நவம்பரில், பருவத்தின் நடுவே, கல்லூரியிலோ தொழில்முறை அணியிலோ ஒரு நாள்கூடப் பயிற்சியாளராக இருந்திராத ஜெஃப் சாட்டர்டே என்ற தம் பழைய ஆட்டக்காரரைத் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து அழைத்து வந்து தலைமைப் பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார வைத்தார். அடுத்த மாதம் மின்னசோட்டாவுக்கு எதிராக 33-0 என்று முன்னிலையில் இருந்த அணி 39-36 என்று தோற்றது. லீகின் வரலாற்றில் அதற்கு முன் அவ்வளவு பெரிய முன்னிலையை எந்த அணியும் பறிகொடுத்ததில்லை.

ஆனால் ஆல் டேவிஸுக்கு ஆட்டம் தெரியும். அவர் பயிற்சியாளராக இருந்தவர், அமெரிக்கக் கால்பந்து லீகின் ஆணையராக இருந்தவர், ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணியைக் கல் கல்லாகக் கட்டியவர். அவர் காலத்தில் அந்த அணி மூன்று சூப்பர் பௌல் வென்றது. அப்படிப்பட்டவரும் 1988இல் வேலைக்கு எடுத்த மைக் ஷானஹனை அடுத்த பருவத்தின் நான்காவது ஆட்டத்தோடு அனுப்பினார். ஷானஹன் பின்னாளில் டென்வரில் இரண்டு சூப்பர் பௌல் வென்றார். 2002இல் ஜான் குரூடன் என்ற இளம் பயிற்சியாளரை, இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள், இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகள், 80 லட்சம் டாலர் ஆகியவற்றுக்கு ஈடாக டாம்பா பே அணிக்குக் கொடுத்தார். ஓராண்டு கழிவதற்குள் அந்த இரண்டு அணிகளே சூப்பர் பௌலில் எதிரெதிராக நின்றன. தாம் வளர்த்த அணியின் ஒவ்வோர் அசைவையும் அறிந்திருந்த குரூடன் 48-21 என்று ஓக்லாந்தை வென்றார். அந்தத் தோல்விக்குப் பிறகு டேவிஸ் உயிரோடு இருந்த காலம் வரையில் ரெய்டர்ஸ் ஒரு பருவத்தைக்கூடத் தோல்விகளைவிட அதிக வெற்றிகளோடு முடிக்கவில்லை. ஆட்ட அறிவு இருந்தால் தலையிடுவது குறையும் என்ற என் நம்பிக்கை அங்கே உடைந்தது. அறிவு இருப்பவருக்கு, தலையிடுவதற்குக் காரணமும் கூடவே கிடைத்துவிடுகிறது.

அப்படியானால் அடியில் இருப்பது என்ன? பெயர். வெற்றி யார் பெயரில் எழுதப்படுகிறது என்ற ஒன்றுதான். இதை நான் கற்றது நான் வாழும் ஊரின் அணியிடமிருந்து.

ஜெரி ஜோன்ஸ் 1989 பிப்ரவரியில் கவ்பாய்ஸ் அணியையும் அரங்கக் குத்தகையையும் சுமார் 14 கோடி டாலருக்கு வாங்கினார். அணி தொடங்கிய நாளிலிருந்து 29 பருவங்கள் பயிற்சியாளராக இருந்த டாம் லேண்ட்ரியை, ஆஸ்டின் அருகே அவர் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்த இடத்துக்கே விமானத்தில் போய் நீக்கிவிட்டு வந்தார். அன்று இரவு செய்தியாளர்களிடம், காலுறை உள்ளாடை வரை இந்த அணியின் எல்லாவற்றிலும் தம் கை இருக்கும் என்று அறிவித்தார். புதிய பயிற்சியாளராக வந்தவர் ஜிம்மி ஜான்சன். இருவரும் 1964இல் ஆர்கன்சா பல்கலைக்கழக அணியில் ஒன்றாக ஆடியவர்கள். முதல் ஆண்டில் 1 வெற்றி, 15 தோல்வி. அணியின் ஒரே நட்சத்திரமான ஹெர்ஷல் வாக்கரை மின்னசோட்டாவுக்குக் கொடுத்து, அதற்கு ஈடாகக் குவிந்த டிராஃப்ட் தேர்வுகளைக் கொண்டு புதிய அணியைக் கட்டினார்கள். நான்காம் ஆண்டில் சூப்பர் பௌல், ஐந்தாம் ஆண்டில் மறுபடியும். இரண்டிலும் தோற்றது பஃபலோ.

இரண்டாவது வெற்றி கிடைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1994 மார்ச்சில் ஆர்லாண்டோவில் உரிமையாளர்களின் ஆண்டுக் கூட்டம். இரவு விருந்தில் ஒரு மேசையைச் சுற்றி ஜான்சனும், அவரிடம் உதவியாளர்களாக இருந்து வேறு அணிகளுக்குத் தலைமை ஏற்றுப் போன டேவ் வான்ஸ்டெட், நார்வ் டர்னர் ஆகியோரும், ஜோன்ஸ் வேலையை விட்டு அனுப்பிய ஓரிருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜோன்ஸ் அந்த மேசைக்கு வந்து, கையில் கோப்பையை உயர்த்தி, கவ்பாய்ஸின் வெற்றிகளுக்காக அருந்துவோம் என்றார். மேசையில் அசைவில்லை. கோப்பைகள் எழவில்லை. சிறிது நேரம் நின்ற ஜோன்ஸ் கோபத்தோடு திரும்பிப் போனார். பின்னிரவில் விடுதியின் மதுக்கூடத்தில் இருந்த செய்தியாளர்களிடம், இந்த அணியை வைத்துக்கொண்டு சூப்பர் பௌல் வெல்லக்கூடிய பயிற்சியாளர்கள் 500 பேர் இருக்கிறார்கள் என்றார். மார்ச் முடிவதற்குள் ஜான்சன் போய்விட்டார்.

நான் அந்த மேசையைப் பற்றிப் பலமுறை யோசித்திருக்கிறேன். உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு வாய் குடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜோன்ஸின் பணம், துணிவு, உழைப்பு மூன்றும் அந்த வெற்றிகளில் இருந்தன. ஜான்சனுக்கோ, அணியைத் தேர்ந்தெடுத்தது நான் என்ற பெருமையில் அடுத்தவருக்கு ஓர் அங்குலமும் கொடுக்க மனம் இல்லை. குற்றம் ஒரு பக்கம் மட்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரவுக்குப் பிறகு ஒருவர் வேலையை இழந்தார், மற்றவர் அணியை வைத்துக்கொண்டார். அந்த வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. அதே அணியைப் பேரி சுவிட்சர் நடத்தி, 1995 பருவத்தின் முடிவில் இன்னொரு சூப்பர் பௌல் வென்றார். 500 பேர் என்ற கணக்கு சரிதான் என்று ஜோன்ஸ் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை. கவ்பாய்ஸ் அதற்குப் பிறகு சூப்பர் பௌலுக்கு மட்டுமல்ல, அதற்கு முந்தைய மாநாட்டு (லீகின் இரு பாதிகளில் ஒன்றின்) இறுதி ஆட்டத்துக்கும் வந்ததில்லை. நான் இந்த ஊருக்கு வந்தது அந்த வறட்சியின் நடுவில். என் மகன் பிறந்ததும் அதிலேதான்.

இடையில் பார்செல்ஸே 2003இல் டாலஸுக்கு வந்தார். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் 5 வெற்றிக்கு மேல் காணாத அணியை முதல் ஆண்டிலேயே 10 வெற்றிக்கு உயர்த்தினார். கடைக்குப் போகும் உரிமையை இங்கே வாங்கிவிட்டார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். 2006இல் ஜோன்ஸ் டெரல் ஓவன்ஸை அழைத்து வந்தார். அந்தப் பருவம் முழுவதும் பார்செல்ஸ் செய்தியாளர்களிடம் அவர் பெயரைச் சொல்வதைத் தவிர்த்து, "அந்த ஆட்டக்காரர்" என்றே குறிப்பிட்டு வந்தார். ஒரு பெரிய மனிதருக்கு எஞ்சியிருந்த எதிர்ப்பு அவ்வளவுதான். பருவம் முடிந்ததும் ஓய்வு பெற்றுவிட்டார்.

ஜோன்ஸுக்குத் தம் நிலை தெரியாது என்று சொல்ல முடியாது. 2012இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில், பொது மேலாளர் வேறொருவராக இருந்திருந்தால் நீக்கியிருப்பீர்களா என்று கேட்டபோது, அநேகமாக ஆம் என்ற பொருளில்தான் பதில் சொன்னார். ஆனால் தம் விஷயத்தில் கண்ணாடியில் தெரியும் ஆளைத்தான் திருத்த வேண்டியிருக்கிறது என்றார். 2024 அக்டோபர் 13 அவருடைய 82ஆவது பிறந்த நாள். அன்று சொந்த அரங்கில் டெட்ராய்ட் அணி 47-9 என்று கவ்பாய்ஸைத் துவைத்தது. இரண்டு நாள் கழித்துக் காலை வானொலி நிகழ்ச்சியில் ஆட்டக்காரர் தேர்வைப் பற்றிக் கேள்வி வந்ததும், இப்படிக் கேட்பது உங்கள் வேலை இல்லை, இதைக் கேட்க வேறு ஆட்களை வைத்துக்கொள்வேன் என்று தொகுப்பாளர்களையே மிரட்டினார். வேலைக்குப் போகும் வழியில் காரில் அதைக் கேட்டேன். அந்தக் குரலில் கோபத்தைவிட முதுமையும் வேதனையும்தான் எனக்குக் கேட்டன. முப்பது ஆண்டுகளாக ஒரே ஒரு பட்டத்துக்காக ஏங்கும் மனிதர் அவர். அவர் அணியை நேசிக்கிறார் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஜான்சனின் பெயரை அரங்கத்தின் மரியாதை வளையத்தில் பொறிக்க அவருக்கு 2023 டிசம்பர் வரை பிடித்தது என்பதும் உண்மை. அதற்குள் ஜான்சன் லீகின் புகழ்மண்டபத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தார்.

பயிற்சியாளர் கையில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்றும் நான் வாதாடவில்லை. பார்செல்ஸை இழந்த ராபர்ட் கிராஃப்ட் பிறகு பில் பெலிசிக்கிடம் முழு அதிகாரத்தையும் கொடுத்து ஆறு பட்டங்கள் வென்றார். அதே பெலிசிக்கின் கடைசி ஆண்டுகளில், அவர் தேர்ந்தெடுத்த ஆட்டக்காரர்களே அவரைக் கவிழ்த்தார்கள். மார்ட்டியின் கடைசி வேலையான சான் டியேகோவில் சண்டை உரிமையாளரோடு அல்ல, பொது மேலாளரோடுதான். 14 வெற்றி, 2 தோல்வி என்ற பருவத்துக்குப் பிறகு 2007 பிப்ரவரியில் அவரை நீக்கினார்கள். அவர் இடத்துக்கு வந்தது, ஆர்லாண்டோ மேசையில் இருந்தவரும் ஸ்னைடரால் நீக்கப்பட்டவருமான அதே நார்வ் டர்னர். பிட்ஸ்பர்க்கை ரூனி குடும்பம் நடத்துவதைப் பார்க்கும்போதுதான் மனம் ஆறுகிறது. 1969இல் சக் நோல் முதல் ஆண்டில் 1 வெற்றி, 13 தோல்வி என்று முடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளும் தோல்விகளே அதிகம். அவரை விட்டுவைத்தார்கள். அவர் நான்கு சூப்பர் பௌல் கொடுத்தார். 1969இலிருந்து 2024 பருவம் வரை அந்த அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர்கள் மூன்றே பேர்.

ஸ்னைடர் போன பிறகு வாஷிங்டனில் புதிய உரிமையாளர் ஜாஷ் ஹாரிஸ், பொது மேலாளராக ஆடம் பீட்டர்ஸையும் பயிற்சியாளராக டான் குவினையும் நியமித்துவிட்டு, அவர்கள் வேலையை அவர்களிடம் விட்டார். குவின் அதற்கு முன் டாலஸில் தற்காப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்தவர். 2024இல், அவர்களுடைய முதல் பருவத்திலேயே, அந்த அணி மாநாட்டு இறுதி ஆட்டத்துக்குப் போனது. ஜெய்டன் டேனியல்ஸ் போன்ற இளம் குவார்ட்டர்பேக் டிராஃப்டில் இரண்டாம் இடத்தில் கிடைத்தது அதிர்ஷ்டம்தான். இருந்தாலும் வாஷிங்டன் மாநாட்டு இறுதிக்குத் தகுதி பெற்ற இரவில் டாலஸில் பல வீடுகளில் தொலைக்காட்சி சீக்கிரமே அணைந்தது.

2025 செப்டம்பர் 28. பார்சன்ஸ் போய் ஒரு மாதம் முடிந்திருந்தது. கவ்பாய்ஸின் ஆர்லிங்டன் அரங்கத்துக்குக் கிரீன் பே அணி வந்தது. மேல் அடுக்கில் இரண்டு டிக்கெட் வாங்கி மகனை அழைத்துப் போனேன். அவன் அதே 11ஆம் எண் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வந்தான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மைதானத்துக்கு மேலே தொங்கும் பெரிய திரையில் ஜோன்ஸின் முகம் தெரிந்தபோதெல்லாம் சிலர் கைதட்டினார்கள், சிலர் கூச்சலிட்டார்கள். பிரையன் ஷாட்டன்ஹைமர் ஓரக் கோட்டில் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு ஆட்டத் திட்டங்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார். இருக்கும் சாமானை வைத்து அன்று அவர் சமைத்ததைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருடைய தாக்குதல் ஆட்டம் கிரீன் பேயின் தற்காப்பைக் கிழித்தது. ஆனால் பார்சன்ஸ் இல்லாத அவருடைய தற்காப்பும் அதே அளவுக்குக் கிழிந்தது. 37-37 என்று ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது.

கூடுதல் நேரத்தில் பந்து முதலில் டாலஸிடம். கோல் கோட்டை நெருங்கிவிட்டார்கள். பந்தோடு அந்தக் கோட்டைக் கடந்து ஒரு டச் டவுன் போட்டால் கிரீன் பேயும் டச் டவுன் போட்டே ஆக வேண்டும். மூன்றாவது முயற்சியில் டாக் பிரெஸ்காட் பந்தோடு இடம் தேடி ஓடினார். பார்சன்ஸ் அவரைத் துரத்திப் பிடித்துக் கீழே தள்ளினார். டாலஸ் மூன்று புள்ளிகளுக்குப் பந்தை உதைத்தது. நேரம் முடியும்போது கிரீன் பேயும் மூன்று புள்ளிகளுக்கு உதைத்தது. ஆட்டம் 40-40 என்று முடிந்தது. பிரெஸ்காட் விழுந்த கணத்தில் என்னைச் சுற்றியிருந்த எல்லாரும் தலையில் கை வைத்தார்கள். என் மகன் மட்டும் தன்னை அறியாமல் எழுந்து நின்று கத்திவிட்டு, சுற்றிலும் பார்த்து, மெதுவாக உட்கார்ந்தான்.